கலைத் தூது: காஞ்சி முதல் அல்சூர் வரை

தூது என்னும் சொல் தமிழர்க்குப் புதியதன்று. அதியமானின் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தியைப் புறநானூறு நமக்குத் தருகிறது. தொண்டைமான் தன் படைக்கலச் சாலையைப் பெருமிதத்தோடு காட்டுகிறான். அங்கே அழகுற அடுக்கி வைக்கப்பெற்ற வேல்களைக் கண்ட ஔவையார், அவற்றைப் புகழ்வது போலப் பேசி, போரிலே தேய்ந்து முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கும் தம் மன்னனின் வேல்களை அவனுக்கு நினைவூட்டுகிறார். படைத்தலைவர்கள் வாளால் பேசவிருந்த இடத்தில் ஒரு புலவர் சொல்லால் பேசினார். வள்ளுவப் பெருந்தகையும் தூதுக்கென்றே பொருட்பாலில் ஓர் அதிகாரம் வகுத்து, தூது செல்வோனுக்குரிய தகுதிகளுள் அன்பையே முதலில் வைத்தார்.

ஆயினும் தூது இருவகைப்படும். ஒன்று, அரசன் சொல்லி அனுப்பிய செய்தியைச் சுமந்து செல்வது. மற்றொன்று, செய்தி ஏதும் இன்றிச் செல்வது. பாட்டும் கூத்தும், நூலும் சிற்பமும், கோயிலும் குடிபெயர்ந்த மக்களும் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குச் சென்று, ஓலை இல்லாமலே உறவைப் பேசுகின்றன. இதனை இக்கால அரசியல் அறிஞர் பண்பாட்டுத் தூதாண்மை என்பர். நாம் இக்கட்டுரையில் இதனைச் சுருக்கமாகக் கலைத் தூது என்றே வழங்குவோம்.

இத்தகைய தூதால் நாடுகளுக்கிடையே உண்மையான பயன் விளைகிறதா? பகை தணிகிறதா? விழாவும் விருந்தும் முடிந்த பின்னர் ஏதேனும் எஞ்சுகிறதா? சொந்த மொழி பேசும் மண்ணில் வாழ்வோர்க்கு இது நூலகத்து வினா. பிற மொழி வழங்கும் மண்ணில் வீடும் தொழிலும் அமைத்துக்கொண்ட நம் போன்றோர்க்கோ இது வாயிற்படி வரை வந்து நிற்கும் வினா. ஆகவே வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்ப்போம்.

புலிகேசி நகரத்துச் சிந்தனை

நாம் வாழும் பிரேசர் டவுன், 1898-ஆம் ஆண்டுப் பிளேக் நோய்க்குப் பின்னர், நெரிசல் மிகுந்த கண்டோன்மெண்டுக்கு விரிவிடமாக 1906-இல் தோற்றுவிக்கப்பெற்ற பகுதியாகும். மைசூர் இளவரசர்க்கு ஆசிரியராக இருந்து பின்னர் மைசூர் ரெசிடெண்டாக விளங்கிய ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரை அது தாங்கியது. நாடு விடுதலை பெற்ற பின்னர் அதற்குப் புலிகேசி நகர் என்னும் பெயர் சூட்டப்பெற்றது. மக்கள் நாவில் பழைய பெயரே வழங்கினாலும், அரசு ஏடுகளில் நாம் புலிகேசியின் குடிமக்களே.

தமிழர் ஒருவர் புலிகேசி நகரில் குடியிருப்பதில் ஒரு வரலாற்றுச் சுவை உண்டு. வாதாபியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட சாளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசி, வடக்கே நருமதைக் கரையில் ஹர்ஷரைத் தடுத்து நிறுத்தியவன். தெற்கே காஞ்சிப் பல்லவரோடு கடும்போர் புரிந்தவன். இறுதியில் 642-ஆம் ஆண்டளவில் நரசிம்மவர்ம பல்லவன் வாதாபியைக் கைப்பற்றி, 'வாதாபி கொண்டான்' எனப் பெயர் பெற்றான். பள்ளிப் பாடநூலில் நாம் கற்பது பெரும்பாலும் இவ்வளவே: அவன் இவனை வென்றான், இவன் அவனை வென்றான்.

அதே காலத்தில் வேறொன்றும் நடைபெற்றது. அரபு மொழியில் எழுதிய வரலாற்றாசிரியர் தபரி, பாரசீகப் பேரரசன் இரண்டாம் குஸ்ரூவுக்கும் இந்திய மன்னன் ஒருவனுக்கும் இடையே தூதும் பரிசிலும் சென்று வந்ததைக் குறிப்பிடுகிறார். அம்மன்னன் புலிகேசியே என்பது அறிஞர் பலரின் கருத்து. சீனத் துறவி யுவான் சுவாங், புலிகேசியின் நாட்டையும் கண்டார். பல்லவரின் காஞ்சியையும் கண்டார். ஒருவரையொருவர் அழிக்க முயன்ற இரு நாடுகளும் கற்க வந்த ஒரு துறவிக்கு வழிவிட்டன என்பது எண்ணி மகிழத்தக்கது.

போருக்குப் பின் எழுந்த கோயில்

வாதாபி வீழ்ந்து ஏறத்தாழ நூறாண்டுகள் கழிந்தன. புலிகேசியின் வழிவந்த இரண்டாம் விக்கிரமாதித்தன் (733 முதல் 744 வரை ஆண்டவன்) பெரும்படையுடன் காஞ்சியுள் நுழைந்தான். பழிவாங்குதற்கு வேண்டிய காரணமும் அவனிடம் இருந்தது, வலிமையும் இருந்தது. ஆயினும் அவன் காஞ்சியை அழிக்கவில்லை. இராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கயிலாசநாதர் கோயிலுக்குச் சென்று, அதன் செல்வத்தைக் கண்டு, அதனைக் கவராமல் இறைவனுக்கே உரிமையாக்கினான். இச்செய்தியைக் கூறும் கன்னடக் கல்வெட்டு அக்கோயில் தூணிலேயே பொறிக்கப்பெற்றுள்ளது. தமிழகத்தின் புகழ்மிக்க கோயில் ஒன்றில், வென்றவன் மொழியில், அவன் கொள்ளையிட்டதற்கன்று, கொள்ளையிடாததற்குச் சான்றாக ஒரு கல்வெட்டு! இதனினும் அரிய தூதோலை வேறெங்கே காண்போம்?

கதை இத்துடன் முடியவில்லை. விக்கிரமாதித்தனின் அரசி லோகமகாதேவி, கணவனின் காஞ்சி வெற்றியைக் கொண்டாடும் வகையில் பட்டடக்கல்லில் ஒரு பெருங்கோயில் எடுத்தாள். இன்று விரூபாட்சர் கோயில் எனப்படுவது அதுவே. வெற்றிச் சின்னமாகிய அக்கோயிலின் அமைப்போ, தோற்ற நாட்டின் காஞ்சிக் கயிலாசநாதரைப் பெரிதும் தழுவியது. அங்குள்ள கன்னடக் கல்வெட்டுகள் சிற்பிகளைப் பெயர் சுட்டிப் போற்றுகின்றன. தென்திசைச் சிற்பி என்னும் சிறப்பும் அவற்றில் காணப்பெறுகிறது. பட்டடக்கல் 1987-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று.

பல்லவரும் சாளுக்கியரும் இதன் பின்னர் நண்பராயினர் என்று கூறுவதற்கில்லை. ஆனால் எல்லைகள் பலமுறை மாறி, இரு குலங்களும் மறைந்து போயின. காஞ்சித் தூணில் கன்னடமும், பட்டடக்கல் விமானத்தில் காஞ்சியும் இன்றும் நிலைத்திருக்கின்றன. கலைத் தூதின் முதற்பாடம் இதுவே. அது போரை எப்பொழுதும் தடுப்பதில்லை. ஆனால் போருக்குப் பின்னர் மனிதர் மீண்டும் சந்திப்பதற்கு ஓர் இடத்தை விட்டு வைக்கிறது.

கடல் கடந்த உறவு

கடல் வழியிலும் இதே உண்மையைக் காண்கிறோம். ஸ்ரீவிஜயப் பேரரசன் மாறவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரை எடுத்தான். சைவப் பெருவேந்தனாகிய முதலாம் இராஜராஜன் அதனை வரவேற்றதோடு நில்லாமல், ஆனைமங்கலம் என்னும் ஊரை அதற்கு அறக்கொடையாக ஈந்தான். இவ்வரலாற்றை, இன்று லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்ற ஆவணங்கள் விரிவாகக் கூறுகின்றன. அயல்நாட்டு மன்னன் நம் மண்ணில் தன் சமயக் கோயிலை எழுப்ப, நம் மன்னன் அதற்கு நிலம் அளிக்கிறான். கொடுத்தவரும் இருவர், பெற்றவரும் இருவர்.

இவ்வுறவு நெடுநாள் தடையின்றி நிலைக்கவில்லை. 1025-ஆம் ஆண்டளவில் இராஜேந்திர சோழனின் கப்பற்படை கடாரத்தைத் தாக்கியது. வாணிகப் போட்டி முற்றியபோது விகாரையின் நட்பு கப்பல்களைத் தடுத்து நிறுத்தவில்லை. ஆனால் போர் முடிந்து இரு தலைமுறைகள் கழிந்தபின், 1090-இல் முதலாம் குலோத்துங்கன், கடாரத்து அரசனின் தூதர் வேண்ட, அதே விகாரையின் உரிமைகளை மீண்டும் உறுதி செய்து செப்பேடு அளித்தான். முறிந்த உறவைத் தொடர விரும்பியோர்க்குப் பிடித்துக்கொள்ளும் இழையாக அவ்விகாரை பயன்பட்டது.

சீனத்துக்கும் சோழத் தூதுகள் சென்றன. 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் அவை சீன அரசவையை அடைந்தமையைச் சீன நூல்கள் பதிவு செய்துள்ளன. சீனத்திலிருந்து நம் பக்கம் வந்த தூதும் உண்டு. கடற்படைத் தலைவன் செங் ஹோ, 1409 என்னும் ஆண்டு பொறித்த கல் ஒன்றை இலங்கையில் நிறுவினான். 1911-இல் காலி நகரில் கண்டெடுக்கப்பெற்ற அக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் உள்ளன. சீன மொழிப் பகுதி புத்தபிரானையும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாராகிய திருமாலையும், பாரசீகப் பகுதி அல்லாவையும் போற்றுகின்றது. அயல்நாட்டுக் கரையில் தன் மொழியோடு கேட்போர் மொழிகளையும் சேர்த்துப் பொறிக்க வேண்டும் என்று அன்றைய சீனர் அறிந்திருந்தனர். எனினும் அடுத்த ஈராண்டுக்குள் செங் ஹோ இலங்கையிலே போர் புரிந்து, ஆட்சியாளன் அழகேசுவரனைச் சிறைபிடித்துச் சீனத்துக்குக் கொண்டு சென்றதும் வரலாறே. கல்லில் மூன்று மொழி, கப்பலில் படை. கலைத் தூது வேறு எண்ணத்துக்குப் போர்வையாகவும் ஆகலாம் என்பதை நாம் மறத்தலாகாது.

இக்கால நாடுகள் கண்ட வழி

முன்னாளில் மன்னர் தாமே செய்ததை இந்நாளில் நிறுவனங்கள் செய்கின்றன. பிரெஞ்சு மொழியைப் பரப்ப 1883-இல் அலியான்ஸ் பிரான்சேஸ் தோன்றியது. பிரிட்டன் 1934-இல் பிரிட்டிஷ் கவுன்சிலை அமைத்தது. இரண்டாம் உலகப் போரில் உலகின் நன்மதிப்பை இழந்த ஜெர்மனி, 1951-இல் கதே நிறுவனத்தைத் தோற்றுவித்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் 1950-இல் மௌலானா அபுல் கலாம் ஆசாத், பண்பாட்டு உறவுகளுக்கான இந்தியக் குழுமத்தை நிறுவினார். படையாலும் பணத்தாலும் அன்றி, பண்பாட்டின் கவர்ச்சியால் ஒரு நாடு பெறும் செல்வாக்குக்கு, அமெரிக்க அறிஞர் ஜோசப் நை 1990-இல் மென்வலிமை என்னும் பொருள்படப் பெயர் சூட்டினார்.

இவற்றுள் நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. கதே நிறுவனம் இந்தியாவில் மட்டும் மாக்ஸ் முல்லர் பவன் என்னும் பெயரால் இயங்குகிறது. பெங்களூரிலும் அது உள்ளது. மாக்ஸ் முல்லர் இந்தியாவுக்கு ஒருமுறையும் வந்தவரல்லர். எனினும் வாழ்நாளை இருக்கு வேத ஆராய்ச்சிக்கு அளித்தவர். தங்கள் நாட்டுப் பெருங்கவிஞனின் பெயரை எங்கும் வைக்கும் ஜெர்மானியர், இங்கே மட்டும் நம்மிடம் கற்ற ஒரு மாணவரின் பெயரை வைத்தனர். 'எங்களைக் கற்றுக்கொள்ளுங்கள்' என்பதற்கு முன்னர், 'உங்களைக் கற்றோம்' என்று கூறிய நயம் அது. வாயிற்கதவு தானே திறந்தது.

தமிழின் பொருட்டும் இவ்வாறு உழைத்தோர் உளர். இத்தாலியிலிருந்து சமயம் பரப்ப வந்த வீரமாமுனிவர் குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் ஆக்கினார். ஆங்கில நாட்டு ஜி. யு. போப் 1886-இல் குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். கற்பிக்க வந்தவர்கள் கற்றவர்களாயினர். அதனாலேயே நம் நெஞ்சில் நிலைத்தனர். 1966 அக்டோபர் 23-இல் எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் ஐக்கிய நாடுகள் அவையில் பாடியபோது, அரசியல் வாதங்களே ஒலித்த மன்றத்தில் நம் இசை ஒலித்தது.

ஈழத்து அறிஞர் தனிநாயக அடிகளார் உலகெங்கும் சுற்றித் தமிழுக்கு நண்பரைத் தேடினார். அவர் முன்னின்று முயன்றதன் பயனாக 1964-இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றி, 1966-இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு நிகழ்ந்தது. விருந்தேற்ற நாட்டின் அரசு உளமார வரவேற்ற மாநாடு அது. அதே மன்றத்தின் நான்காம் மாநாடு 1974 சனவரியில் யாழ்ப்பாணத்தில் நடந்தபோதோ, ஆட்சியாளரின் மனம் அதனுடன் இல்லை. இறுதி நாளில் காவல் துறையினர் கூட்டத்தைக் கலைக்கப் புகுந்தபோது உயிர்கள் பலியாயின. நோக்கம் ஒன்று, மன்றமும் ஒன்று. ஏற்பவர் மனம் இசைந்தால் விழா, இசையாவிடில் அவலம். கலைத் தூதின் வெற்றி அனுப்புவோர் கையில் பாதியே; மறுபாதி ஏற்போர் கையில் உள்ளது.

பதினெட்டு ஆண்டுத் திரை

இவ்வுண்மைக்கு நெடுந்தொலைவு சென்று சான்று தேட வேண்டியதில்லை. பிரேசர் டவுனிலிருந்து நடந்தே சென்றடையத்தக்க அல்சூர் ஏரியருகே அது கல்லாய் அமர்ந்திருக்கிறது. இங்கே நாம் பேசுவது இரு நாடுகளைப் பற்றியன்று. ஒரே நாட்டின் இரு மாநிலங்களைப் பற்றியே. ஆயினும் மொழி, ஆறு, எல்லை ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில் மாநிலங்களின் உறவும் நாடுகளின் உறவைப் போன்றதே.

1809-இல் ஆங்கிலேயர் பெங்களூரில் கண்டோன்மெண்ட் அமைத்தபோது, படையோடும் படைக்குப் பணி செய்யவும் சென்னை மாகாணத்திலிருந்து தமிழர் பலர் வந்து குடியேறினர். 1947-இல் அப்பகுதி மைசூர் அரசுக்குத் திரும்பியது. 1949-இல் நகரின் இரு பகுதிகளும் ஒரே மாநகராட்சியாயின. 1950-இல் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் தோன்றியது. இம்மண்ணில் வேரூன்றிய தமிழர், தம் வாழ்வின் அடையாளமாக அல்சூரில் வள்ளுவர்க்குச் சிலை எடுக்க விழைந்தது இயல்பே. 1991-இல் சிலை நிறுவப்பெற்றது.

ஆனால் அவ்வாண்டு எத்தகைய ஆண்டு! காவிரி நடுவர் மன்றம் சூன் 25-இல் தன் இடைக்கால ஆணையை வழங்கியது. டிசம்பரில் பெங்களூரில் கலவரம் மூண்டது. தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன, உயிர்களும் பலியாயின. கூலி வேலை செய்து பிழைத்தோர் குடும்பம் குடும்பமாக ஊரை விட்டு வெளியேறினர். ஆற்று நீரைப் பற்றிய வழக்கில் ஒரு வரியும் அறியாதவர்களே அதற்கு விலை கொடுத்தனர். கன்னட அமைப்புகள் சிலையை எதிர்த்தன. திறப்பு விழா நின்றது. வள்ளுவர் திரைக்குள்ளேயே இருந்தார்.

மத்திய அரசு அலுவலகத்தில் கோப்புகளுக்கிடையே காலம் கழிக்கும் நமக்கு இந்நிலை நன்கு விளங்கும். மறுப்பும் இராது, ஒப்புதலும் இராது. 'நிலுவையில் வைக்க' என்னும் ஒரு குறிப்பு மட்டும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பெறும். பதினெட்டு ஆண்டுகள் அவ்வாறே கழிந்தன. அன்று பள்ளிச் சிறுவராயிருந்தோர் படித்து, வேலைக்குச் சென்று, பெற்றோரும் ஆயினர். மூடிய சிலையைக் காட்டி, 'உள்ளே இருப்பவர் யார்?' என்று கேட்கும் குழந்தைகளுக்கு விடை கூறுவது எளிதன்று.

திரை எவ்வாறு விலகியது? உரிமை முழக்கத்தால் மட்டும் விலகவில்லை. இரு மாநில முதலமைச்சர்களும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். பெங்களூரில் வள்ளுவர் சிலை திறக்கப்பெறும். சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பெறும். தடை கோரிய வழக்குகளை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2009 ஆகஸ்ட் 9-ஆம் நாள், கர்நாடக முதலமைச்சர் எடியூரப்பா உடனிருக்க, தமிழக முதலமைச்சர் கலைஞர் கருணாநிதி அல்சூரில் வள்ளுவர் சிலையைத் திறந்து வைத்தார். நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 13-ஆம் நாள், சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலையை எடியூரப்பா திறந்து வைத்தார். பதினெட்டு ஆண்டுகள் திறவாத திரையைத் திறந்த கை, சென்னையில் மற்றொரு சிலைக்கு இடம் கொடுத்த கையே.

தேர்ந்தெடுத்த இணையும் பொருத்தமானது. வள்ளுவர் ஈரடியில் உலகை அளந்தார். சர்வக்ஞர் திரிபதி என்னும் மூவடிப் பாவில் அதனைச் செய்தார். இருவரும் உழவைப் போற்றினர். பிறப்பால் உயர்வு தாழ்வு காண்பதை மறுத்தனர். சர்வக்ஞர் என்பதற்கு முற்றும் உணர்ந்தவர் என்று பொருள். ஆனால் தாம் செருக்கால் அப்பெயர் பெறவில்லை என்றும், ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு சொல்லாகக் கற்றே அறிவு மலையானதாகவும் அவர் பாடினார். தூதுக்கு அனுப்ப இவரினும் தக்கவர் யார்?

சிலை செய்ததும் செய்யாததும்

சிலைகள் திறந்ததால் காவிரி பெருகிவிடவில்லை. அவ்வழக்கு உச்ச நீதிமன்றம் சென்று, 2018 பிப்ரவரி 16-இல் தமிழகத்துக்கு ஆண்டுதோறும் 177.25 டி.எம்.சி. நீர் என முடிந்தது. அதற்கு முன்னர், 2016 செப்டம்பரில் மீண்டும் பெங்களூரில் தமிழகப் பதிவெண் தாங்கிய வண்டிகள் எரிந்தன. சென்னையிலும் கன்னடர் நடத்திய உணவகம் ஒன்று தாக்கப்பெற்றது. அல்சூரில் வள்ளுவரும் அயனாவரத்தில் சர்வக்ஞரும் இருந்தும் இவை நிகழ்ந்தன. ஆகவே, சிலைகளால் என்ன பயன் என்று கேட்போரை நாம் குறை கூற இயலாது.

ஆனால் நாகப்பட்டினத்து விகாரையிடம் கேட்கக் கூடாத வினாவைச் சிலையிடம் கேட்பதும் முறையன்று. நீரைப் பங்கிடுவது நீதிமன்றத்தின் வேலை. கலகத்தை அடக்குவது காவல் துறையின் வேலை. இவ்விரண்டையும் கலைத் தூது செய்யாது. அண்டை மொழியானைப் பெயரில்லாத பகைவனாக எண்ணுவதிலிருந்து அது நம்மை மெல்ல மீட்கும். ஒருவன் மொழியில் ஒரு கவிஞனையேனும் அறிந்தவனுக்கு, அம்மொழி பேசுவோர் அனைவரையும் வெறுப்பது கடினம். அறியாமல் இருப்பவனுக்கே அது எளிது. பேருந்து எரிந்த ஊரில் மறுநாள் காலை பால்காரரும் ஆசிரியரும் அடுத்த வீட்டாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும். அந்த மறுநாளுக்காகவே கலைத் தூது. அல்சூரில் திறந்த சிலை இன்றும் திறந்தே இருக்கிறது.

நிலையான தூதர் யார்?

அரசுத் தூதர் மூன்றாண்டு இருந்து மாற்றலாகிச் செல்வர். சிலையோ பேசாது. பேசக் கூடிய, மாற்றலாகாத தூதர் ஒரு சாரார் உளர். அவர்களே குடிபெயர்ந்த குடும்பத்தினர்.

இம்மண்ணில் நமக்கு முன்னோர் இதனைச் செய்து காட்டினர். திருவரங்கத்திலிருந்து போசளர் நாட்டுக்கு வந்த இராமானுசர் மேல்கோட்டையில் தங்கினார். அங்கே ஆழ்வார்களின் தமிழ் இன்றும் ஓதப்பெறுகிறது. கன்னட நவீன நாடகத்துக்கு உயிரூட்டிய டி. பி. கைலாசம் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்கார், கன்னடச் சிறுகதையின் தந்தையெனப் போற்றப்பெற்று, 1983-ஆம் ஆண்டுக்குரிய ஞானபீடப் பரிசு பெற்றார். 'மாஸ்தி, கன்னடத்தின் ஆஸ்தி' என்று கன்னட மக்கள் அவரைப் பெருமையோடு அழைத்தனர். மறுபுறம், எல். குண்டப்பா முதலிய கன்னட அறிஞர்கள் குறளைத் தம் மொழியில் தந்தனர்.

கடல் கடந்த சான்றும் உண்டு. சிவகாசியிலிருந்து பாப்புவா நியூகினி சென்று குடியேறிய சசீந்திரன் முத்துவேல், அந்நாட்டின் மேற்கு நியூ பிரிட்டன் மாநில ஆளுநராக உயர்ந்தார். அவரும் அவர் துணைவியார் சுபா சசீந்திரனும் குறளை அந்நாட்டு மக்கள் பேசும் டோக் பிசின் மொழியில் பெயர்த்தனர். 2023 மே மாதத்தில் இருநாட்டுப் பிரதமர்களும் அந்நூலை வெளியிட்டனர். வெளியிட்டவை இரு அரசுகள். ஆக்கியதோ ஒரு குடும்பம். அந்நாட்டு மொழியை அவர்கள் தமதாக்கிக்கொள்ளாதிருப்பின், குறள் அங்கே ஆங்கிலத்தோடு நின்றிருக்கும்.

இவற்றிலிருந்து நாம் பெறும் கருத்து ஒன்றே. கொடுப்பதற்கு வந்தவன் கொள்வதற்கும் அறிந்திருத்தல் வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் இதனை நெடுங்காலமாக அறிவர். பொங்கலன்று நம் வீட்டுச் சர்க்கரைப் பொங்கல் அடுத்த வீட்டுக்குச் செல்கிறது. அதே நாளில் சங்கராந்தி கொண்டாடும் அவ்வீட்டிலிருந்து 'எள்ளு பெல்ல' வருகிறது. ரமலான் நாளில் தெருமுனை வீட்டிலிருந்து இனிப்பு வருகிறது. வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பும் வழக்கம் எந்த வீட்டிலும் இல்லை. நாடுகளின் உறவுக்கும் இதனினும் பெரிய விதி இருப்பதாகத் தோன்றவில்லை.

எனவே தமிழ்ச் சங்கங்களுக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் நாம் முன்வைக்க விரும்பும் வேண்டுகோள்கள் சில. நம் பிள்ளைகள் வீட்டிலே தமிழைப் பிழையறக் கற்கட்டும். தமிழறியாத் தமிழன் தூதனாக இயலாது, கொண்டு செல்ல அவனிடம் ஒன்றுமில்லை. அதே பிள்ளைகள் கன்னடத்தையும் எழுதப் படிக்கக் கற்கட்டும். கடைத்தெருவுக்குப் போதுமான கன்னடத்தோடு நிற்கலாகாது. வள்ளுவர் நாள் கொண்டாடும் மேடையில் சர்வக்ஞரின் மூவடிகளும் ஒலிக்கட்டும். குறள் ஒப்பித்தல் போட்டிக்குக் கன்னட மாணவரையும் அழைப்போம். பட்டடக்கல்லுக்குச் சுற்றுலா செல்வோர், அங்கே காஞ்சியைக் காணும்படி பிள்ளைகளுக்குக் கூறட்டும். காஞ்சிக்குச் செல்வோர், கயிலாசநாதர் கோயில் தூணில் உள்ள கன்னடக் கல்வெட்டைத் தேடிக் காட்டட்டும்.

வென்றவன் கொள்ளையிடாது சென்றதைச் சொல்லும் அக்கல்வெட்டுக்கு ஏறத்தாழ 1,280 ஆண்டுகள் ஆகின்றன. அதனைப் பொறிக்கச் செய்த மன்னனின் வாரிசுகள் இன்று எங்கும் இல்லை. அம்மன்னனின் முன்னோன் பெயர் தாங்கிய நகரில், அவனுக்குப் பகைவராயிருந்த நாட்டின் மொழி பேசும் நாம், அச்சமின்றி வாழவும் பிள்ளைகளை வளர்க்கவும் விழைகிறோம். அதற்கு அரசுகள் செய்ய வேண்டியவை பல. நாம் செய்ய வேண்டியது, வந்த பாத்திரத்தை வெறுமையாக அனுப்பாதிருத்தலே.

வாழிய செந்தமிழ்! வாழிய கன்னடம்! வளர்க இரு மொழியார் நட்பு!